நல்ல கண்ணை ஏன் மூடுகிறோம்?

என் மகளுக்கு இடக்கண்ணில் சோம்பல் கண் இருப்பதால் நன்றாகத் தெரியும் வலக்கண்ணை மூடவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அவளுடைய அம்மம்மா கலங்கிப்போனார். ஒரு கண் மங்கலான உருவத்தையே அனுப்பிக்கொண்டிருந்தால், வளரும் மூளை அதைப் புறக்கணித்து மற்றக் கண்ணையே நம்பப் பழகிவிடுகிறது. இதுதான் சோம்பல் கண். அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் நல்ல கண்ணை மூடி ஒட்டும் இந்த ஒட்டு. அதற்கு முன் சரியான கண்ணாடி அணிவிக்கவேண்டும். சில பிள்ளைகளுக்கு அதுவே போதுமாகிவிடும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் நடுத்தரக் குறைபாட்டுக்கு, நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாக 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

திருகோணமலை வெயிலில் வியர்வை பட்டதும் ஒட்டின் ஓரம் கிளம்பிவிடும். பிள்ளை அந்த இடுக்கால் நல்ல கண்ணைக்கொண்டே பார்த்துவிடுவாள். ஆகவே மாலையில் முகத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கண்ணாடியில் அல்லாமல் தோலிலேயே ஒட்டி, சுளகில் அம்மம்மாவோடு அரிசிக்குக் கல் பொறுக்க இருத்திவிடுகிறேன். கோட்டைப் பக்கம் போனால் மான்களின் புள்ளிகளை எண்ணச் சொல்வேன்.

வயது ஏற ஏறப் பலன் குறையும் என்பதால் தயவுசெய்து பிந்தாதீர்கள். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையக்கூடும். மறுபரிசோதனைத் திகதியை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.