ஹீட்டரில் ஏறிய அனிமோனும் ஒரு தயிர்ச் சட்டியும்

டிக்கோயாவில் இருந்துகொண்டு கடல் மீன் வளர்க்கிறேன் என்றால் ஸ்டாஃப் ரூமில் சிரிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே, வாளியில் உப்புக் கரைத்து, அதில் இரண்டு மீனை விட்டு, அதுக்கு ஹீட்டர் போட்டு கரண்ட் பில் கட்டுவது பைத்தியக்காரத்தனம்தான். அம்மா இன்னும் நேராகச் சொல்வார்: "மீனு வாங்குனா கொழம்புக்காச்சும் ஆவணும்."

தொட்டி சின்னது. இரண்டடி நீளம், 96 லீட்டர். தம்பி கொழும்பில் ஒரு அலங்கார மீன் கடையில் வேலை செய்த காலத்தில் ஒரு சோடி ஒஸெல்லாரிஸ் கோமாளி மீனை ரெஜிபோம் பெட்டியில் வைத்து பொடி மெனிகேயில் கொண்டுவந்தான். கடைகளில் நீமோ என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் அதே செம்மஞ்சள் மீன். ஹட்டன் ஸ்டேஷனில் பெட்டியைத் திறந்தால் பைகள் இரண்டும் பலூன் மாதிரி உப்பி நின்றன. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். ஆனாலும் பை வெடித்துவிடுமோ என்று பயந்து முச்சக்கர வண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டில் பெரியது பெண், சின்னது ஆண். எல்லாக் கோமாளி மீனும் முதலில் ஆணாகத்தான் வளரும், சோடியில் பெரிசாகிறது பெண்ணாக மாறிவிடும். பெரியவள் செத்தால் சின்னவன் அவள் இடத்துக்கு வருவான். இதை அம்மாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசம் தம்பி அனிமோன் கொண்டுவந்தான். கடல் சாமந்தி என்று புத்தகத்தில் போடுவார்களே, கல்லில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி இழை விரிக்கும் கடல் பிராணி, அது. பபிள் டிப் வகை, நுனி குமிழ் குமிழாக இருக்கும். "அக்கா, அனிமோன் இல்லாம கோமாளி மீனு இருக்கக்கூடாது, பாவம்" என்றான். கடையில் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

தண்ணீரில் மட்டும் நான் கவனமாக இருந்தேன். எங்கள் பீலித் தண்ணீர் குடிக்க அருமை, ஆனால் அது தேயிலை மலைக்கு நடுவால் வருகிறது. தேயிலை இலையில் வரும் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் வந்ததிலிருந்து அதற்கு அடிக்கிற மருந்துகளில் செம்பு மருந்து முக்கியமானது. மீன் தாங்குகிற அளவு செம்பைக்கூட அனிமோனும் இறாலும் பவளமும் தாங்காது. அதனால் முதல் நாளிலிருந்தே ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீர்தான். உப்பு லீட்டருக்கு சுமார் 35 கிராம்.

கோட்டை விட்டது ஹீட்டரில். கொழும்பில் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைப்பவர்களுக்குத் தண்ணீரைக் குளிர வைப்பதுதான் பாடு. கடைக்காரர் சொன்ன புத்திமதியும் பெரும்பாலும் அதைப் பற்றியே. அனிமோன் நகர்ந்து போய்ச் சிக்காமல் பம்பின் வாயில் வலை கட்டச் சொன்னார், கட்டினேன். ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே அது பெட்டியை விட்டு வெளியே வருவதே அபூர்வம். இங்கே மார்கழியில் ராத்திரி முழுக்க எரியும்.

ஒரு நாள் சவுக்கு மரம் லைனில் விழுந்து ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. தண்ணீர் 21 பாகைக்கு இறங்கிவிட்டது. பற்றரி ஏர் பம்பைப் போட்டு, தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிட்டுப் படுத்தேன். கரண்ட் எப்போது வந்ததோ தெரியாது. காலையில் எழும்பிப் பார்த்தால் அனிமோன் கல்லை விட்டு நகர்ந்து போய் ஹீட்டர் குழாயைக் கட்டிப்பிடித்திருந்தது. சூடு தேடிப் போனதோ என்னவோ. அடிப்பக்கம் வெந்து வெள்ளையாகக் கிடந்தது.

செத்த அனிமோன் உள்ள சின்னத் தொட்டியின் நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது. அழுகிய உடம்பு தண்ணீரில் கரைகிறது, அமோனியா ஏறுகிறது, பெரிய தொட்டியில் தாங்குகிற அளவு 96 லீட்டரில் தாங்காது. தொட்டியில் இருந்த கிளீனர் இறால் இரண்டும் மத்தியானத்துக்குள் செத்துவிட்டன. நாற்பது லீட்டர் மாற்றினேன், மறுநாள் இன்னொரு நாற்பது. அந்த மாச உப்பு அத்தோடு முடிந்தது. பாடசாலைக்கு லீவு போட்டதற்கு "வீட்டில் சுகமில்லை" என்று காரணம் எழுதினேன். பொய்யில்லை.

மீன் இரண்டும் பிழைத்தன. அனிமோன் போனதை அவை கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இருந்த ஆறு கிழமையில் அவை அதன் கிட்டப் போனதே இல்லை. நான் அலசிக் காயவைத்து உள்ளே கவிழ்த்து வைத்திருந்த தயிர்ச் சட்டியின் உடைந்த வாயில்தான் படுத்திருந்தன.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது. கோமாளி மீன் முப்பது வகைக்குக் கிட்ட இருக்கின்றன, அவற்றுக்கு இடம் கொடுக்கும் அனிமோன் பத்தே வகை. எது எதோடு சேரும் என்பதற்குக் கணக்கு உண்டு. நம் கடலில் உள்ள கிளார்க் கோமாளி பத்திலும் குடியேறும். மாலைதீவிலும் இலங்கையிலும் மட்டும் இருக்கிற கருங்கால் கோமாளிக்கு ஒரே ஒரு வகைதான் ஆகும். என் ஒஸெல்லாரிஸ் நம் கடல் மீனே இல்லை, அந்தமானிலும் அதற்குக் கிழக்கேயும் உள்ளது. அதற்குக் கடலில் மூன்று வகைதான். அந்த மூன்றில் பபிள் டிப் இல்லை! தொட்டியில் பல சோடிகள் அதை ஏற்றுக்கொள்கின்றனதான், ஆனால் ஏற்றே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மற்ற மூன்றும் வளர்ந்தால் என் தொட்டியின் அடியையே மூடிவிடும். அதில் கார்பெட் சாதி பக்கத்தில் வரும் வேறு மீனைப் பிடித்து விழுங்கியும் விடும்.

திருகோணமலைப் பக்கம் உள்ள புறாத் தீவுக்குப் பிள்ளைகளோடு சுற்றுலா போனபோது கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளார்க் கோமாளியைப் பார்த்திருக்கிறேன். அனிமோன் ஒரு சொளகு அகலம். நான் குனிந்ததும் உள்ளங்கை நீளம்கூட இல்லாத மீன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கடலில் அந்தச் சொளகு இல்லாவிட்டால் அதை யாராவது தின்றுவிடுவார்கள். என் தொட்டியில் தின்ன யார் இருக்கிறார்கள்? பண்ணையில் பொரித்து வளர்ந்த என் சோடி இங்கே வரும் வரை அனிமோனைக் கண்டதே இல்லை.

ஆகவே தேவை மீனுக்கு இல்லை, எனக்கு. மெத்தையில் புரளுகிற மாதிரி அவை புரளுவதைப் பார்க்க ஆசை. அப்படியென்றால் செத்தாலும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகாத, நடக்காத ஒன்று வேண்டும். டோர்ச் பவளம் அழகு, ஆனால் அது ராத்திரியில் கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும், இரண்டடித் தொட்டியில் ஒதுங்க இடமில்லை. அது கல் பவளம் வேறு. இலங்கைக் கடலில் கல் பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் வராத துண்டை நான் வாங்கமாட்டேன். ஸீனியா என்கிற மென்பவளம் மானாப்புல் மாதிரி. ஒரு தரம் பிடித்தால் தொட்டி முழுக்க அதுதான். யானைக்காது மஷ்ரூம் பவளம் வேண்டவே வேண்டாம், பை மாதிரி மூடிக்கொண்டு மீனை உள்ளே வைத்துக்கொள்ளும்.

கடைசியில் டோட்ஸ்டூல் லெதர் என்கிற மென்பவளம். காளான் வடிவம், தோல் மாதிரித் தடிப்பு, மேலே மயிர் மயிராகப் பொலிப்புகள். கண்டியில் தொட்டி வைத்திருக்கும் ஒரு டீச்சர் தன்னுடையதில் பிளேடால் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். நடுத்தர வெளிச்சம் போதும், நடக்காது, மீன் உரசினாலும் பொறுக்கும். தண்ணீரில் ஏதோ கசிய விடும் என்பதால் அதை உறிஞ்சும் கார்பன் பையை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

மூன்று கிழமை மீன்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தயிர்ச் சட்டியை விட்டு நகரவே இல்லை. கடுப்பில் ஒரு நாள் லெதரைக் கல்லோடு தூக்கிச் சட்டியின் முதுகில் வைத்து ஒட்டினேன். அவற்றை அங்கே கூப்பிட முடியாவிட்டால் இதை இங்கே கொண்டுவருவோம் என்றுதான். ஐந்தாம் நாள் பெரியவள் அதன் விளிம்பில் உடம்பைத் தேய்த்துப் பார்த்தாள். பத்தாம் நாள் ராத்திரி டோர்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டும் பொலிப்புக்குள் சாய்ந்து கிடந்தன.

ஹீட்டர் இப்போது ஒன்றுக்கு இரண்டு, சின்னது, இரண்டுக்கும் பிளாஸ்டிக் கூடு. ஒன்று பழுதாகி எரிந்துகொண்டே நின்றாலும் தண்ணீர் கொதிக்காது.

இந்தக் கிழமை லெதர் நான்கு நாளாக மூடிக் கிடக்கிறது. மெழுகு மாதிரி ஒரு தோலை உரித்துவிட்டுத்தான் மறுபடி விரியும், மாசத்துக்கு ஒரு தரம் இப்படித்தான். பெரியவளுக்கு அது பொறுக்கவில்லை. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் வந்து கடிக்கிறாள். அம்மாதான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டு, "வீட்டப் பூட்டிட்டா யாருக்குத்தான் கோவம் வராது, கைய எடு புள்ள" என்கிறார்.