பேனாவுக்கு ஒரு வயது, வெள்ளிக்கு ஒரு வயது

பெரியப்பா விட்டுப்போன பேனாவைப் பார்த்ததுமே அது வாட்டர்மேன் கம்பெனியின் 452 என்று முடிவுகட்டிவிட்டேன். கறுப்பு எபோனைட் (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்) உடல், மேலே கொடிக்கொடியாக வெட்டியெடுத்த வெள்ளி உறை, பக்கவாட்டில் லீவர். 1917-இல் வந்த வாட்டர்மேன் எண்முறையில் கடைசி இலக்கம் நிப்பின் அளவு. அதற்கு முந்தைய 5 என்றால் லீவர் வைத்து மை ஏற்றுவது. முன்னால் 4 வந்தால் ஸ்டெர்லிங் வெள்ளி. வேறென்ன வேண்டும்?

அந்த உற்சாகத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். காய்ந்த மை கரையட்டும் என்று ராத்திரி முழுக்கப் பேனாவை அப்படியே தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் பார்த்தால் வெள்ளிக் கொடிகளுக்கு நடுவே தெரிந்த கறுப்பு, டீக்கறைப் பழுப்பாகியிருந்தது. வெளிச்சத்தில் கிடந்த பழைய எபோனைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. நிப் பக்கத்தை மட்டும் நனைத்திருந்தால் போதும். விலையில் ஒரு பங்கு அந்த ராத்திரியிலேயே கரைந்துவிட்டது.

அப்புறம்தான் லென்ஸை எடுத்தேன். உடலின் அடிமுனையில் சின்னதாக 52 என்று இருந்தது. முன்னால் 4 இல்லை. அதாவது தொழிற்சாலையிலிருந்து வெறும் கறுப்புப் பேனாவாகத்தான் வெளியே வந்திருக்கிறது. வெள்ளியைப் பிற்பாடு யாரோ ஒரு பொற்கொல்லர் போர்த்தியிருக்கிறார். உடலில் பொறித்த நிறுவன எழுத்துகள் அந்த உறைக்கடியில் போய்விட்டன. வயதைக் கண்டுபிடிக்க நிப்பையும் நம்ப முடியாது, அதை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

மிஞ்சியது வெள்ளியில் இருந்த முத்திரைகள். மூடியின் விளிம்பில் வரிசையாக நான்கு: செய்தவரின் இரண்டு எழுத்து, நடக்கும் சிங்கம், நங்கூரம், C. சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, அதாவது ஸ்டெர்லிங். நங்கூரம் என்றால் வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும், இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச்சாலை. C ஆண்டைச் சொல்லும் எழுத்து. ஆனால் பர்மிங்காமில் 1927-க்கும் C, 1952-க்கும் C! எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அட்டவணையோடு வைத்து வைத்துப் பார்த்ததில் 1927 பொருந்தியது. அங்கே அப்போது எழுத்து ஜூலையில் மாறும் என்பதால் 1928-இன் முதல் பாதியும் இதில் சேரும். உடலின் உறையிலும் அதே C இருந்தது. மூடியும் உடலும் ஆரம்பத்திலிருந்தே ஜோடிதான் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி. இந்த வருடம் வெள்ளி சோதிக்கப்பட்ட வருடம்தான். பேனா அதற்குச் சில வருடங்கள் மூத்ததாக இருக்கலாம்.

விலைதான் பெரிய தலைவலி. வாட்டர்மேன் சேகரிப்பவர் ஒருவர் அடிமுனையைப் பார்த்துவிட்டு, "452 என்றால் பேசலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வெள்ளிச் சாமான் சேகரிப்பவரோ பேனாவைக் கண்டுகொள்ளவே இல்லை. செய்தவரின் முத்திரையை மட்டும் கேட்டார். உருக்கினால் தகடு மெல்லிசு, ஒன்றும் தேறாது. விற்பவர்கள் கேட்கும் விலைகளை ஒதுக்கிவிட்டு, ஏலத்தில் நிஜமாகவே விற்ற விலைகளை மட்டும் எடுத்தேன், அதிலும் வாங்கியவர் தந்த கமிஷன் சேர்ந்ததா இல்லையா என்று பார்த்து. வெறும் 52-இன் விலை அடிமட்டம், நல்ல நிலையில் உள்ள 452 உச்சவரம்பு. உறையில் பொறித்த யாரோ ஒருவரின் பெயரெழுத்துக்கும் என் டீக்கறைக்கும் கழித்ததில், அடிமட்டத்தை விடச் சற்று மேலே வந்து நின்றது.

காப்பீட்டுக்கு வேறு கணக்கு: இதைப் போல இன்னொன்றைத் தேடி வாங்க என்ன ஆகும் என்பது. அது கூடுதலாகத்தான் வந்தது.

எபோனைட்டில் உள்ள கந்தகத்தால் வெள்ளி மறுபடி கறுக்கத் தொடங்கியிருக்கிறது. பாலிஷ் போடவில்லை, அந்த C தேய்ந்துவிட்டால் கையில் வேறு ஆதாரம் இல்லை.