பெரியப்பாவின் பெட்டியும் பிரிட்டிஷ் ரூபாய்களும்: விலை பார்த்த கதை

பெரியப்பா போனபிறகு பாகம் பிரித்தபோது வீடும் வயலும் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தன. இழுத்தது ஒரு தகரப் பெட்டிதான். உள்ளே பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய்கள், எட்டணா, நாலணா, கைப்பிடி காலணாக்கள், ஒரு பழுப்புக் கவரில் தனியாகச் சில காசுகள். "இதுல ஒண்ணு மட்டும் பத்து லட்சம் போகும்ணே" என்று சித்தப்பா மகன் ஒரு வீடியோவைக் காட்டினான். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "எனக்குப் பணம் வேண்டாம், தாத்தா காசாவே அனுப்பு" என்றார். அத்தையோ, "கருத்துக் கிடக்கு, புளி போட்டு விளக்கித் தர்றேன்" என்று கிளம்பிவிட்டார். எல்லோரையும் நிறுத்திவைத்து, இதற்கு உண்மையில் என்ன விலை என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அத்தையைத் தடுத்ததுதான் இதில் நான் செய்த முதல் காரியம். வெள்ளியில் வருடக்கணக்காகப் படியும் அந்தக் கருப்பும் சாம்பல் நிறமும் சேகரிப்பவர்களுக்குப் பிடித்தவை. புளி, பீதாம்பரி, பற்பசை எதைப் போட்டுத் தேய்த்தாலும் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். காசு பளபளக்கும், விலை இறங்கிவிடும். அத்தைக்கு இது கடைசிவரை புரியவில்லை. "அழுக்குக்கு அதிக விலையா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்.

பிறகு ராஜா வாரியாகப் பிரித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது 1835இல்தான். அந்த முதல் ரூபாயில் நான்காம் வில்லியம் தலை, பெயருக்குப் பக்கத்தில் நான்காம் என்பதற்கு நான்கு கோடு (IIII). அடுத்தது 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாய். பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் இருக்கும். கம்பெனி ஆட்சி முடிந்து 1862 முதல் கிரீடம் வைத்த விக்டோரியா. 1877இலிருந்து அதே அம்மாவுக்கு ராணி என்பதற்குப் பதில் பேரரசி என்று பட்டம் மாறியிருக்கும். 1903 முதல் 1910 வரை கிரீடமில்லாத ஏழாம் எட்வர்ட். எங்கள் பாட்டி இதை மொட்டைத்தலை ராஜா காசு என்பார். 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ், 1938 முதல் ஆறாம் ஜார்ஜ்.

இந்த ஆண்டுகளில் ஒரு சூட்சுமம் உண்டு. 1840 என்று போட்ட காசு 1840இல் மட்டும் அடித்ததில்லை, அதே ஆண்டை வைத்துப் பல வருடம் அடித்தார்கள். 1862ம் அப்படித்தான், 1874 வரை ஓடியது. ஆனால் 1862 காசுகள் பலவற்றில் ஆண்டுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருக்கும். உண்மையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் அடையாளம் என்று சேகரிப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். லென்ஸை வைத்துக்கொண்டு புள்ளி எண்ணுவது ஒரு தனி போதை. ஒரே ஆண்டு, ஒரே ராணி, புள்ளிக் கணக்கு மட்டும் வேறு, விலையும் வேறு.

வருடத்தைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது எடை. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், அதாவது நம் ஊர் ஒரு தோலா. எட்டணா 5.83, நாலணா 2.92. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இணையத்தில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. கையில் புழங்கித் தேய்ந்த காசு 11.5 வரை இறங்கியிருக்கும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 10 கிராமோ 12.3 கிராமோ காட்டினால் அதைத் தனியாக வைத்துவிடலாம்.

எடை சரியாக இருந்தாலும் உலோகம் வேறாக இருக்கலாம். பக்கத்துத் தெரு பத்தரிடம் எடுத்துப் போனேன். அவர் உரைகல்லைக் கையில் எடுத்தார். "வேண்டாம்ண்ணே" என்று காசைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உரைத்தால் ஓரத்தில் தழும்பு விழும், காசு போச்சு. நகைக்கடைகளில் இருக்கும் காரட் மீட்டர் காசைத் தொடாமலே உலோகம் சொல்லும், ஆனால் பெட்டி நிறைய காசுக்கு யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பிளஸ் ஒன்னில் படித்த ஆர்க்கிமிடிஸ்தான் கைகொடுத்தார். தராசின் மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தராசு பூஜ்யத்தில். காசை மெல்லிய தையல் நூலில் சுருக்குப் போட்டுக் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்தான் காசு தள்ளிய தண்ணீரின் எடை. முன்பு பார்த்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் ரூபாய்க்கு 1.13 அளவில் வந்தால் அடர்த்தி 10.3, நல்ல வெள்ளி. பழைய ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1.3 காட்டினால் அது செம்பும் நிக்கலும் கலந்த சமாச்சாரம், மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் தப்பும், நூலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பாகம் பிரிக்க வந்த மொத்தக் குடும்பமும் டம்ளரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

அதில் 1940களின் ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் 1.22 காட்டின. "எல்லாம் டூப்ளிகேட்" என்றான் வீடியோ காட்டிய தம்பி. இல்லை. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து 1940 முதல் 1945 வரை ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். மீதி செம்பும், கொஞ்சம் நிக்கலும் துத்தநாகமும். அடர்த்தி 9.5 வந்தால்தான் அது சரியான காசு. கள்ளக்காசைத் தடுக்க அதே சமயம் விளிம்பையும் மாற்றினார்கள்: வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும்.

காந்தத்தை நம்பியவனும் அவன்தான். காந்தத்தில் ஒட்டிய காசையெல்லாம் போலி என்று ஒதுக்கி வைத்திருந்தான். எடுத்துப் பார்த்தால் அவை பின்பக்கம் புலி நடக்கும் 1947 ரூபாய்கள், கூடவே 1946, 47ஆம் வருட எட்டணா, நாலணா. அவை சுத்த நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டாத புலி ரூபாய் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் அந்தப் பழுப்புக் கவர். தாத்தா காலத்துக் காசுகள் பெட்டியில் சும்மா கொட்டிக் கிடந்தன. கவரில் இருந்தவை பெரியப்பா பிற்காலத்தில் திருவிழாக் கடைகளிலும் தெருவில் விற்றவர்களிடமும் வாங்கியவை. முதலில் வெளியே வந்தது ராமர் பட்டாபிஷேகம் பொறித்த தடிச் செம்புக்காசு. மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818. இதே போல அனுமார், சிவன், 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டு ஏகப்பட்டது ஊரில் சுற்றுகிறது. கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. பின்னாளில் யாரோ பூஜைக்கும் வேடிக்கைக்கும் வார்த்தவை. இதைத்தான் அரிசியை இழுக்கும், கோடி கொடுக்கும் என்று சொல்லி ஒரு கூட்டம் ஊர் ஊராக ஏமாற்றித் திரிகிறது. ஆளைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவது நல்லது.

1818க்கு முந்தைய உண்மையான கம்பெனி செம்பும் அதே கவரில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் சோஹோ ஆலையில் அடித்த 20 காசு, ஆண்டு 1808. ஒரு பக்கம் கம்பெனி சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள் குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். இருநூறு வருடப் பழசு, கப்பல் கதை வேறு. ஆனாலும் விலை சாதாரணம்தான், ஏனென்றால் அவ்வளவு கிடைக்கிறது. பழசு என்பதாலேயே விலை வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல காசு எனக்குத் தெரியாது.

கவரின் நாயகன் 1939 ரூபாய். வீடியோவில் லட்சங்கள் சொன்னது இதைத்தான். ஆறாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய்களில் அரிதானது இது என்பது உண்மை. எங்கள் காசு எடையில் தேறியது. தண்ணீரிலும் தேறியது, 10.3. தம்பி அந்த நிமிடமே கார் ஷோரூம் பக்கம் போயிருப்பான்.

தண்ணீர் வெள்ளியைத்தான் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. 1938 ரூபாய் ஏராளமாகக் கிடைக்கிறது, அதிலும் அதே வெள்ளி. கடைசி 8ஐ 9 ஆக்கிவிட்டால் போதும். பத்து மடங்கு லென்ஸில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற மூன்று இலக்கங்களும் காசின் தரையிலிருந்து, அதாவது எழுத்தில்லாத சமதளத்திலிருந்து, ஒரே சீராக எழுந்து நின்றன. 9இன் கீழ்ப்பாதியில் மட்டும், இடப்பக்க வளைவு இருந்திருக்க வேண்டிய இடத்தில், தரை லேசாகக் குழிந்து, குறுக்காக இரண்டு சின்னக் கீறல். சுற்றிலும் பழைய சாம்பல் நிறம், அந்த இடத்தில் மட்டும் வெளிறல். வெட்டி எடுத்த 8 அது. உறுதிக்காகக் கண்காட்சி ஒன்றில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். பல வருடமாகச் சேகரிப்பவர். லென்ஸைக் கண்ணில் வைத்த உடனே கீழே இறக்கிவிட்டார். "நல்லா செதுக்கியிருக்கான் தம்பி. பாவம், யாரு வாங்கினது?" பெரியப்பா பெயரை நான் சொல்லவில்லை.

போலியிலும் வார்ப்புப் போலி பிடிபடுவது எளிது. தரையில் ஊசிமுனைப் பள்ளங்கள், எழுத்து மழுங்கல், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம். காசை அச்சில் அடித்தால் எழுத்தின் ஓரம் கூராக நிற்கும், ஊற்றினால் நிற்காது. அது போல, காசுமாலையில் இருந்து கழற்றிய ரூபாய்களில் மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும், போலியில்லை, ஆனால் சேகரிப்பவர் தொடமாட்டார்.

அசல் என்று ஆனவற்றுக்கு விலை. தேய்ந்த, சாதாரண விக்டோரியா, ஜார்ஜ் ரூபாய்களுக்கு அடிமட்ட விலை வெள்ளிதான்: 1939 வரையிலான ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி, பாதி வெள்ளி ரூபாயில் 5.83. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொண்டால் அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அதற்கு மேலே போவதற்குக் காரணம் வேண்டும். அச்சு கலையாமல் இருக்கிறதா, ராணியின் உடையில் பூவேலை தெரிகிறதா, எந்த நாணயச் சாலையில் அடித்தது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு சாலைக் காசு மலிவு, மற்றது கிடைக்காது என்று வரும்.

எங்களுக்குக் கிடைத்த நிஜமான நல்ல காசு, தம்பி சாதாரணக் குவியலில் போட்டிருந்த 1911 ரூபாய். ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகி அது பன்றி போலத் தெரிந்ததால் முஸ்லிம்கள் மத்தியில் எதிர்ப்பு வந்து, வெளியே விடாமல் வைத்திருந்ததையெல்லாம் உருக்கிவிட்டு 1912இல் யானையைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்றுதான் இன்றும் பெயர். லட்சம் இல்லை, ஆனால் பக்கத்தில் கிடந்த 1912, 1918 ரூபாய்களை விடப் பல மடங்கு.

எவ்வளவு மடங்கு என்பதை விளம்பரத்தில் பார்க்கக் கூடாது. ஒரு ரூபாய்க்கு ஐந்து லட்சம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம், அது அவர் ஆசை. மும்பை, பெங்களூர் ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைப்பட்டியலைப் படத்தோடு வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே சாலை, ஏறக்குறைய அதே தேய்மானத்தில் இருப்பதைத் தேடி எடுத்து, அதில் ஏலக்கட்டணத்தைக் கழித்தால் நம் கைக்கு வரக்கூடியது தெரியும். வியாபாரி அதிலும் குறைத்துத்தான் கேட்பார், அவருக்கும் கடை வாடகை இருக்கிறதே. ஒருவர் எங்கள் பெட்டி மொத்தத்துக்கும் வெள்ளி விலையில் ஒரு லாட்டாகக் கேட்டார். பன்றி ரூபாயும் அதற்குள்ளேயே போகட்டுமாம்.

தம்பி எங்கோ படம் போட்டுவைத்ததில் ஓர் அழைப்பும் வந்தது. 40 லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் கட்டுங்கள், ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கிறது என்று சரளமான தமிழில். பழைய காசு, நோட்டு வாங்கல் விற்றலில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. அதைப் படித்துக் காட்டியதும் லைன் கட்டாகிவிட்டது.

கடைசியில் சாதாரண ரூபாய்களை எண்ணிக்கையாக எல்லோருக்கும் சமமாகப் பிரித்தோம். புள்ளி வைத்த 1862களை நான் எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாக என் பங்கு எட்டணாக்களை விட்டுக்கொடுத்தேன். பன்றி ரூபாயை ஏலத்துக்குக் கொடுத்திருக்கிறோம், வரும் பணம் பொது. ராமர் காசு அத்தையின் பூஜை அறைக்குப் போனது. இப்போது புளி போட்டு விளக்கி ஜொலிக்கிறது, அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செதுக்கிய 1939 தம்பியிடம், அதிலும் வெள்ளி வெள்ளிதானே.

சிக்கல் சிங்கப்பூர் அண்ணனுக்குத்தான். 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது, தபாலிலும் சரி, பெட்டியிலும் சரி. விக்டோரியாவும் எட்வர்டும் அவருக்குப் போக வழியில்லை. அவர் பங்கை ஒரு காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி எங்கள் பீரோவில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது பார்த்துவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்.