ஆக்டிவேட் ஆன சர்வருக்கு லைசன்ஸ் வாங்கிய கதை

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலைகளை நான் பார்த்துக்கொடுக்கிறேன். 2023இல் அவர்களுடைய வெளிநாட்டு பையர், ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் முன் ஒரு படிவம் அனுப்பினார். தீயணைப்புக் கருவி, சம்பளப் பதிவேடு, கழிவுநீர் என்று நீண்ட அந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: பயன்படுத்தும் மென்பொருள்களுக்கான உரிமச் சான்றை இணைக்கவும். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணன் போன் செய்தார். "சர்வர்ல ஆக்டிவேட்டட்னுதான் காட்டுது தம்பி. அதையே ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிடலாமா?"

இந்தத் துறையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தத் திரை சொல்வது, இன்ஸ்டால் செய்யும்போது போட்ட கீ, அதாவது உரிமக் குறியீடு, செல்லுபடியாகும் என்பதை மட்டும்தான். அதை யாருக்குக் கொடுத்தார்கள், எந்த வேலைக்குக் கொடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

அந்த சர்வரை அமைத்தது எனக்கு முன்னால் இருந்த ஒரு சாப்ட்வேர் நிறுவனம். சம்பளக் கணக்கு, ஸ்டாக் கணக்கு இரண்டுக்கும் புரோகிராம் எழுதிக்கொடுத்தவர்களும் அவர்களே. பில் எதுவும் கிடைக்கவில்லை. காட்பாடியிலிருந்து கிளம்பி நேராக சர்வர் அறைக்குப் போனேன். அறை என்றால் அறை இல்லை, தோல் ஸ்டோரை ஒட்டிய தடுப்பு. வாடை மூக்கைத் துளைக்கும். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஸ்லாஷ் போட்டு டிஎல்வி என்று கொடுத்தால் லைசன்ஸ் விவரம் எல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் வரும். ரீடெய்ல் சேனல், அதாவது சில்லறை வகைக் கீ என்றது. கீயின் கடைசி 5 எழுத்துகளைக் காட்டியது. நிலை, லைசன்ஸ்டு. எல்லாம் சரி, ஆனால் எடிஷன் என்ன தெரியுமா? டேட்டாசென்டர். முப்பது நாற்பது கம்ப்யூட்டர் உள்ள ஒரு ஷூ கம்பெனிக்கு, விண்டோஸ் சர்வரில் இருப்பதிலேயே விலை கூடிய எடிஷன்!

அப்போதே பாதி புரிந்துவிட்டது. கணக்கு விவரங்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் எடிஷனையும் கேட்டுப் பார்த்தேன். டெவலப்பர் எடிஷன் என்று பதில் வந்தது.

மைக்ரோசாப்ட் 1992 முதல் எம்எஸ்டிஎன் என்ற பெயரில் நடத்திவந்த, இப்போது விஷுவல் ஸ்டுடியோ சந்தா என்று அழைக்கப்படும் திட்டத்தில், புரோகிராம் எழுதுபவர் சந்தா கட்டினால் விண்டோஸ், சர்வர் என்று பெரும்பாலான மென்பொருள்களை இறக்கிக்கொள்ளலாம், கீயும் கிடைக்கும். எல்லாமே சந்தாவில் அடக்கம் என்பதால் ஆட்கள் பெரிய எடிஷனாகப் பார்த்து எடுப்பார்கள். ஆனால் அந்த உரிமை இயந்திரத்துக்கு இல்லை, ஆளுக்கு. அதுவும் உருவாக்க, சோதிக்க, செய்துகாட்ட மட்டும். தினமும் சம்பளமும் ஸ்டாக்கும் ஓடும் சர்வரில் போடக் கூடாது. எஸ்க்யூஎல் டெவலப்பர் எடிஷனுக்கும் அதே விதி. 2016இலிருந்து அது யாருக்கும் இலவசம், என்டர்பிரைஸ் எடிஷனில் உள்ள வசதிகள் எல்லாம் உண்டு, ஆனால் நிஜ வேலைக்கு ஆகாது.

பழைய நிறுவனத்துக்குப் போன் போட்டேன். கீ போட்ட பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். "ஆக்டிவேட் ஆயிடுச்சுல்ல சார், அப்புறம் என்ன பிரச்சனை?" என்றார்கள். மேற்கொண்டு பேசிப் பயனில்லை என்று வைத்துவிட்டேன்.

முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். பாய் பாதியிலேயே கையமர்த்தினார். "பையருக்கு சாம்பிள் ஜோடி அனுப்புறோம்ல, விற்பனைக்கு அல்லன்னு முத்திரை குத்தி. அதைக் கடையில வெச்சு வித்த மாதிரி. அவ்வளவுதானே?" அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டார்.

செலவைக் குறைக்க முடிந்த இடம் எஸ்க்யூஎல். டேட்டாபேஸ் மொத்தமும் 4 ஜிபியைத் தாண்டவில்லை. எஸ்க்யூஎல் 2019 எக்ஸ்பிரஸ் எடிஷனில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம். நிஜ வேலைக்கே இலவசமாகப் பயன்படுத்தலாம். மெமரியிலும் கோர்களிலும் (பிராசஸருக்குள் இருக்கும் கணிப்பு அலகுகள்) கட்டுப்பாடு உண்டு, இவர்கள் அளவுக்கு அது உறைக்காது. ஒரே இடைஞ்சல், வேலைகளை நேரம் குறித்துத் தானாக ஓட்டும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் கிடையாது. ராத்திரி தானாக ஓடும் பேக்கப்பை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்ட வேண்டும். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

விண்டோஸ் சர்வருக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. ஸ்டாண்டர்டு எடிஷன் வாங்க வேண்டும். இயந்திரத்தில் 8 கோர்தான் இருந்தாலும் குறைந்தது 16 கோருக்கு வாங்கியே தீர வேண்டும் என்பது விதி. அதோடு சர்வரை அணுகும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கால் என்ற அனுமதி உரிமம் தனி. இந்த கால் இருக்கிறதே, இதற்கு டைப் செய்ய ஒரு கீகூடக் கிடையாது. சர்வர் அதைக் கேட்காது, எண்ணாது. அதனால்தான் நம் ஊர்ப் பக்கம் அதை வாங்குகிறவர்கள் அபூர்வம். ஆடிட்டர் கேட்டால் பில்தான் சாட்சி. ஆள் கணக்கா கம்ப்யூட்டர் கணக்கா என்பதை மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு ஷிப்ட். காலையில் ஒருவர் உட்காரும் அதே கம்ப்யூட்டரில் மதியம் இன்னொருவர். கம்ப்யூட்டர் கணக்கில் வரும் டிவைஸ் கால் எடுத்ததில் செலவு நன்றாகவே இறங்கியது.

நடுவில் பாயின் மருமகன் வாட்ஸப்பில் ஒரு லிங்க் அனுப்பினார். அதே சர்வர் கீ சில நூறு ரூபாய்க்கு! அதுவும் ஆக்டிவேட் ஆகும், சந்தேகமில்லை. பில் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வேலூரிலுள்ள ஒரு டீலர் வழியாக நிரந்தர உரிமமாக வாங்கினோம். 18 சதவீதம் ஜிஎஸ்டி, பில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணுக்கே. முகவரியில் வேலூர் மாவட்டம் என்று போட்டுவிட்டார்கள். ராணிப்பேட்டை தனி மாவட்டமாகி 2019லிருந்து எத்தனை வருடமாயிற்று, இன்னும் நம் ஆட்களுக்குக் கை பழகவில்லை. திருத்தி வாங்கினோம். நான் பிடிவாதமாக நின்றது ஒரு விஷயத்தில். கீயும் இன்ஸ்டால் பைலும் வந்து இறங்கும் அட்மின் கணக்கு கம்பெனியின் சொந்த மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும், டீலர் பெயரிலும் வேண்டாம், என் பெயரிலும் வேண்டாம். நாளைக்கு நான் இந்த வேலையை விட்டாலும் அடுத்து வருகிறவர் என்னைத் தேடி அலையக் கூடாது.

கீயை மட்டும் மாற்றிவிட்டால் முடிந்துவிடும் என்று அண்ணன் நினைத்திருந்தார். ஸ்டாண்டர்டிலிருந்து டேட்டாசென்டருக்கு இருந்த இடத்திலேயே ஏறலாம். டேட்டாசென்டரிலிருந்து ஸ்டாண்டர்டுக்கு இறங்க வழியில்லை, புதிதாகத்தான் இன்ஸ்டால் செய்ய வேண்டும். யாரோ ஒரு பையன் இலவசம்தானே என்று பெரிய எடிஷனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அதற்கு முன் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். எனக்கும் விஷுவல் ஸ்டுடியோ சந்தா உண்டு. இந்த மாதிரி சோதனைக்குத்தான் அது. என் கம்ப்யூட்டருக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் வர்ச்சுவல் மெஷினில் சர்வர் ஸ்டாண்டர்டு, அதில் எக்ஸ்பிரஸ், அதில் டேட்டாபேஸின் பேக்கப். கீகூடப் போடவில்லை, 180 நாள் சோதனைப் பதிப்பே இந்த வேலைக்குத் தாராளம். பெரிய எடிஷனில் மட்டும் இயங்கும் வசதி எதையாவது டேட்டாபேஸ் பயன்படுத்தியிருந்தால் எக்ஸ்பிரஸில் அது திறக்காமல் அடம்பிடிக்கும். அதைப் பட்டியலிட எஸ்க்யூஎல்லிலேயே வியூ என்ற ஒரு தயார் அட்டவணை இருக்கிறது. கேட்டதில் ஒன்றும் வரவில்லை. பழைய எஸ்க்யூஎல்லும் 2019 என்பதால் வெர்ஷன் தகராறும் இல்லை. சம்பள ரிப்போர்ட் ஒன்று எடுத்து, பழையதோடு பைசா வரை ஒத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கோடை வெயில். பத்து மணிக்கே கரண்ட் போய், ஜெனரேட்டரில் வேலை. இன்ஸ்டால், பேட்ச், டேட்டாபேஸ் ரீஸ்டோர் எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே போயின. கடைசியில் ஆக்டிவேஷன். பாய் அந்த சர்வருக்கு இன்டர்நெட் கொடுப்பதில்லை என்பதில் உறுதி, அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆகவே போன் வழி. எஸ்எல்யூஐ 4 என்று கமாண்ட் கொடுத்து இந்தியாவைத் தேர்ந்தெடுத்ததும் கூப்பிட ஒரு போன் நம்பரும் இன்ஸ்டலேஷன் ஐடியும் வந்தன: ஏழேழு இலக்கமாக 9 கட்டம், மொத்தம் 63 இலக்கம். அண்ணன் திரையைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாகப் படிக்க, நான் போனில் அழுத்தினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் "ஏழு" என்பது எனக்கு "ஆறு" என்று விழ, கடைசியில் அவர் ஒரு தாளில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். இந்தப் பிரதி எத்தனை கம்ப்யூட்டரில் போடப்பட்டிருக்கிறது என்று தானியங்கிக் குரல் கேட்டது. ஒன்று. பிறகு அது ஆறாறு இலக்கமாக 8 கட்டம் சொல்ல, இந்த முறை நான் சொல்லச் சொல்ல அண்ணன் டைப் செய்தார். ஆக்டிவேட் ஆனது. எல்லோருக்கும் ஆற்காடு பிரியாணி பாய் செலவில்.

ஆடிட்டுக்கு வந்தவர் ஸ்க்ரீன்ஷாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பில்லை எடுத்து, கால் எத்தனை, கம்ப்யூட்டர் எத்தனை என்று இரண்டையும் ஒப்பிட்டார். சரி என்று டிக் அடித்துவிட்டு, கட்டிங் செக்‌ஷனின் எமர்ஜென்சி கதவை ஏன் மூட்டை வைத்து மறைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார். அதற்கு பாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் கிளம்பிவிட்டேன்.