மிக்ஸ்சர் ஸ்குரூவைத் தொட முன்: என் இரண்டாவது மட்டம் 4 செய்முறை

நேற்று முடிவு வந்தது. மோட்டார் மெக்கானிக், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4, இரண்டாம் தடவையில் தேர்ச்சி. பல மாதங்களுக்குப் பிறகு இரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். முதல் தடவை என்னை விழுத்தியதும் இதே வேலைதான்: பழைய பெற்றோல் பிக்கப்பில் காற்று, எரிபொருள் கலவைக் கோளாறைப் பிடிப்பது. மறக்க முன் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை தந்தது டொயோட்டாவின் 12ஆர் இஞ்சின் போட்ட ஹைலக்ஸ். ஐட்லிங்கில் (காலை எடுத்து இஞ்சின் மெதுவாக ஓடும்போது) உதறியது, றேஸ் கொடுத்தால் சுத்தமாக ஓடியது. பிளக் நுனி வெள்ளை. 'லீன்', அதாவது காற்றுக்குப் பெற்றோல் குறைவு என்று சரியாகத்தான் சொன்னேன். உடனே மிக்ஸ்சர் ஸ்குரூவை (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரில், ஐட்லிங் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு) முக்கால் சுற்று வெளியே திருப்பிப் பெற்றோலைக் கூட்டினேன். உதறல் குறைந்தது, கையைத் துடைத்துவிட்டேன்.

பரீட்சகர் பேசாமல் வந்து, இஞ்சினின் உறிஞ்சலால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைப் பிளையரால் நசுக்கினார். ஓட்டைக் காற்று நின்றதும் நான் கூட்டிய பெற்றோல் மிஞ்சி, இஞ்சின் கனத்து, சைலன்சரில் பெற்றோல் மணந்தது. ஹோஸைப் பிரட்டிக் காட்டினார்: கிளிப்புக்குக் கீழே நக அகலத்தில் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. “தம்பி, ஓட்டையை விட்டுப்போட்டு ஏன் ஸ்குரூவைத் தொட்டனீர்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

காரணம் இதுதான், வாய்மொழியிலும் கேட்பார்கள். ஐட்லிங்கில் திரொட்டில் (காற்று வரும் வழித் தகடு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், இஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம். அதில் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிது. 2,500 சுற்றில் காற்று பல மடங்கு வரும், அதே ஓட்டை பொருட்டில்லாமல் போகும். ஆகவே லீன் கோளாறு றேஸில் மறைந்தால் பெரும்பாலும் காற்று ஒழுகல். றேஸில், சுமையில் மோசமானால் பெற்றோல் போதவில்லை: பில்டர், பம்ப், ஜெட் (காபரேட்டரில் பெற்றோல் வரும் துளை). இந்த ஒன்றைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் (எடையில்) என்பது எல்லோருக்கும் பாடம், அதனால் யாரும் தேறுவதில்லை.

இரண்டாவது தடவை வேறு பிக்கப், கறுப்புப் புகை, அதாவது இந்தமுறை பெற்றோல் கூட. முதல் பத்து நிமிடம் ஸ்குரூ டிறைவரைக் கையில் எடுக்கவே இல்லை. பார்த்ததைத் தாளில் எழுதினேன். நான் அப்படித்தான் நிதானப்படுவேன். ஏயர் கிளீனரைக் கழற்றியும் புகை நிற்கவில்லை. சோக் (குளிர் ஸ்டார்ட்டுக்குக் காற்றை மறைக்கும் தகடு) முழுதாகத் திறந்திருந்தது. பிறகு காபரேட்டரில் பெற்றோல் மட்டத்தைக் காட்டும் சின்னக் கண்ணாடியைத் துணியால் துடைத்து ரோச் அடித்தேன். பெற்றோல் நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. பெற்றோல் வரவை அடைக்கும் நீடில் வால்வில் ஒரு தூசி, அவ்வளவுதான்.

என் ஒழுங்கு:
- முதலில் பிளக், பொயின்ற் (பிளக்குக்குப் பொறி தரும் தொடுமுனை), பொறி விழும் டைமிங், வால்வு இடைவெளி. இவை பிழையென்றால் கலவையைப் பார்ப்பதே வீண்.
- வக்கியூம் கேஜ் (இஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் கருவி). நல்ல இஞ்சினில் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் ஊசி அசையாமல் நிற்கும். யாழ்ப்பாணம் கடல் மட்டம், உயரத்துக்குக் கழிக்கத் தேவையில்லை. ஊசி ஆடாமல் தாழ்ந்து நின்றால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள்.
- ஒவ்வொரு ஹோஸாக நசுக்குங்கள், பூஸ்டர் ஹோஸை மறக்க வேண்டாம். காபரேட்டர் அடி, மனிபோல்ட் காஸ்கெட்டுக்குத் தண்ணீர் ஸ்பிரே போதும். சூடான சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் பெற்றோல் தெளிக்கவே வேண்டாம்.
- ஸ்குரூ கடைசி. அது ஐட்லிங்கை மட்டும்தான் திருத்தும்.

கோப்பாயில் மாமாவின் கராஜில்தான் பழகினேன். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத நேரம், ஒஸ்ரின் ஏ40 கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சூடேறாத இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் இன்றும் “சூடேறவிட்டுப் பிறகு காது குடு” என்பார். பரீட்சையிலும் அதையே செய்தேன். இஞ்சின் சூடாகும் வரை காத்திருந்த நிமிடங்களுக்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை.

பழைய துணி, ரோச், பேனை கொண்டு போங்கள். அங்கே தரும் ரோச்சில் பற்றறி இருக்காது.