காளான் பைத் தூளை அப்படியே பாத்தியில் கொட்டாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் காளான் குடில் வைத்திருப்பவர்கள், காய்ப்பு ஓய்ந்த பைகளைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். லோரியில் ஏற்றி வந்து நேராகக் கத்திரிப் பாத்தியில் கொத்திவிட்டால், சில வாரங்களில் அடியிலை மஞ்சளாகிச் செடி வளராமல் நிற்கும். இங்கே சிப்பிக் காளான் வளர்வது பையில் அடைத்த ரப்பர் மரத்தூளில். 100 கிலோ தூளுக்கு 10 கிலோ தவிடு, 1 கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கமான கலவை. விளைச்சல் முடிந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் பாதி மட்கிய தூள்தான். அது மேலும் மட்க, நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். செடிக்குப் பட்டினி.

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் காளான் உரம் வேறு சரக்கு. மொட்டுக் காளானுக்கு வைக்கோலும் குதிரைச் சாணமும் சேர்த்துச் செய்தது. அந்த அளவுகள் இதற்கு ஒத்துவராது.

பையைக் கிழித்து, கழுத்து வளையம், மூடி, பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பச்சைப் பூஞ்சை படர்ந்த பையை உடைக்கும்போது முகமூடி போடுங்கள். தூசி புகைபோல எழும்பும். கட்டிகளை மண்வெட்டியால் உதிர்த்து, தூள் 3 வாளிக்குக் கோழி எரு 1 வாளி கலந்து, மூன்றடி உயரம் குவியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், நாறும். மழைக்குக் கேன்வஸ் போடாவிட்டால் சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகும்.

வாரம் ஒருமுறை புரட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சுற்றிலும் செம்பனையும் தென்னையும் உள்ள ஊரில், மட்கும் மரத்தூள் காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடும் இடம். பால் வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாய்ச் சுருண்டு கிடக்கும் தடித்த புழுவைக் கண்டால் கோழிக்குப் போடுங்கள். குவியலை மாதக்கணக்கில் மறந்துவிட்டால் பக்கத்துத் தென்னங்குருத்துக்கு நீங்களே வண்டு வளர்த்துக் கொடுத்ததாகும்.

இரண்டு மாதத்தில் சூடு அடங்கி, நிறம் கறுத்து, மண்வாசனை வரும். சந்தேகமிருந்தால் ஒரு குவளையில் சாவிக் கீரை விதை தூவிப் பாருங்கள். முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். பாத்தியில் இரண்டு அங்குலம் பரப்பி, ஆறு அங்குல மண்ணோடு கொத்திவிட்டால் போதும்.

ஏற்கெனவே பச்சைத் தூளைக் கொத்திவிட்டவர்கள், ஒரு மேசைக்கரண்டி யூரியாவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேரடியில் ஊற்றலாம். மட்காத தூளை மூடாக்காக மேலே பரப்புவதில் தவறில்லை. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். பலகைச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டாம், கரையான் ஏறும்.