எம்82 பேரடையின் வாயுவில் நியானை அளந்தபோது

முனைவர் பட்ட ஆய்வின் முதற்பகுதியாக, எம்82 பேரடையின் விண்மீனிடை வாயுவில் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு நியான் இருக்கிறது என்று கணக்கிடும் வேலை எனக்கு வந்தது. சப்தரிஷி மண்டலத்தின் திசையில் ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அந்தப் பேரடையின் மையத்தில் விண்மீன்கள் மிக வேகமாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. அதே மையத்தைத் தூசு அடர்த்தியாக மறைத்திருப்பதால், கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் நாம் அளப்பது தூசுத் திரைக்கு முன்னால் நிற்கும் வாயுவைத்தான். அகச்சிவப்பை நாடியதற்கு முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம் வெப்பநிலை. என் பார்வையில் இதுவே முக்கியமானது. ஒளியியலில் ஆக்சிஜனை அளக்க உதவும் 5007 ஆங்ஸ்ட்ராம் நிறமாலைக் கோட்டை (குறிப்பிட்ட அலைநீளத்தில் அயனி வெளியிடும் ஒளியை) எழுப்ப, ஏறத்தாழ 29,000 கெல்வினுக்கு நிகரான ஆற்றல் வேண்டும். அயனியான வாயுவின் வெப்பநிலையோ 10,000 கெல்வினை ஒட்டியது. ஆகவே வெப்பநிலையை 8,000 என்று கொள்வதா 10,000 என்று கொள்வதா என்பதைப் பொறுத்தே அயனிகளின் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிடும். ஒருமுறை அயனியான நியானின் 12.81 மைக்ரான் கோட்டுக்கு வேண்டிய ஆற்றல் 1,123 கெல்வின் அளவே என்பதால், அதே வெப்பநிலை மாற்றம் கோட்டின் வலிமையை நிர்ணயிக்கும் அடுக்குக்குறிக் காரணியை மூன்று விழுக்காடு மட்டுமே அசைக்கிறது. ஹைட்ரஜன் கோட்டின் வெப்பநிலைச் சார்பு இதன்மேல் வந்து சேர்ந்தாலும், பிழை சமாளிக்கக்கூடிய அளவில் நின்றுவிடுகிறது.

ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் காப்பகத்திலிருந்து உயர்பிரிதிறன் நிறமாலைகளை எடுத்துக்கொண்டேன். 12.81 மைக்ரானில் ஒருமுறை அயனியான நியானும் 15.56 மைக்ரானில் இருமுறை அயனியான நியானும் தேட வேண்டிய அவசியமே இன்றி ஓங்கி நின்றன. இந்த இரண்டையும் கூட்டினால் அயனியான வாயுவில் உள்ள நியானின் பெரும்பகுதி அடங்கிவிடும் என்பதால், காணாத அயனிகளுக்கென்று பெரிய திருத்தம் தேவைப்படவில்லை. தவிர, நியான் மந்த வாயு. தூசுத் துகளுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை. கந்தகத்தை அவ்வளவு நம்ப எனக்கு மனம் வரவில்லை. இருமுறை அயனியான கந்தகத்தின் 18.71 மைக்ரான் கோடும் மும்முறை அயனியான கந்தகத்தின் 10.51 மைக்ரான் கோடும் சிலிக்கேட் தூசு உறிஞ்சும் பட்டைகளில் விழுகின்றன. அதைச் சரிசெய்த பின்னும் கந்தகத்தின் அளவு குறைந்தே கிடைப்பது இத்தகைய பேரடைகளில் பலரும் கண்டதுதான்.

உண்மையான சிக்கல் வந்தது ஹைட்ரஜனிடமிருந்து. பேரண்டத்தில் மற்ற எல்லாவற்றையும்விட மிகுந்திருக்கும் தனிமம் இந்த அலைநீளங்களில் மிக மங்கலாகத் தெரிகிறது. 12.37 மைக்ரானில் உள்ள அதன் ஹம்ஃப்ரீஸ் ஆல்ஃபா கோடு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் உள்ள ஹைட்ரஜன் கோடான ஹெச்-பீட்டாவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். நியான் கோட்டைவிடப் பல பத்து மடங்கு மெலிந்த அந்தக் கோட்டைத்தான் வகுக்கும் எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது நிற்கும் இடமும் நல்ல இடமல்ல. ஒருபுறம் 12.28 மைக்ரானில் மூலக்கூறு ஹைட்ரஜன் கோடு. அடியில், பல்வளைய அரோமாட்டிக் மூலக்கூறுகள் 12.0, 12.7 மைக்ரான்களில் எழுப்பும் அகன்ற மேடுகள், போதாக்குறைக்கு 12.387 மைக்ரானில் ஹைட்ரஜனின் இன்னொரு கோடு ஸ்பிட்சரின் பிரிதிறனில் இதனோடு ஒன்றிப்போய்த் தெரிகிறது. பின்னதன் பங்கை, எலக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் சேர்வதை விளக்கும் மீளிணைவுக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மேடுகளை அப்படிக் கழிக்க முடியாது. அடிப்பரப்பை, அதாவது நிறமாலைக் கோட்டுக்கு அடியில் உள்ள பின்னணி ஒளியின் அளவை, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வரைகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. அந்த அடிப்பரப்பை இன்னும் சற்று மேலே வரைந்தால் ஹைட்ரஜன் குறைந்து நியான் "கூடிவிடும்". இறுதிப் பிழையின் பெரும்பகுதி கருவியின் இரைச்சலில் அல்லாமல் இந்த அடிப்பரப்பை வரைவதில்தான் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்குவதே அரிது.

சரிபார்க்க, 1995 முதல் 1998 வரை இயங்கிய ஐரோப்பிய ஐஎஸ்ஓ அகச்சிவப்பு விண்கலம் ஹைட்ரஜனின் பிராக்கெட் ஆல்ஃபா கோட்டுக்குத் தந்த அளவீட்டை எடுத்துக்கொண்டேன். 4.05 மைக்ரானில் உள்ள அந்தக் கோடு வலுவானது. ஆனால் அதை அளந்த சாளரம் 14க்கு 20 வில்நொடி (வானில் கோணத்தை அளக்கும் அலகு), ஸ்பிட்சரின் குறுஅலைச் சாளரமோ 4.7க்கு 11.3 வில்நொடி. இரண்டும் வானத்தின் ஒரே பரப்பைப் பார்க்கவில்லை. நியான் கோட்டின் வரைபடத்தைப் பயன்படுத்தி அளவை ஒத்திசைத்த பிறகே ஒப்பிட முடிந்தது. தூசு மறைப்பையும் இங்கே மீண்டும் திருத்த வேண்டியிருந்தது. 4 மைக்ரானில் அது இன்னும் புறக்கணிக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை.

விடையைச் சூரியனோடு ஒப்பிட்டுச் சொல்ல முனைந்தபோது வேறொரு தடை. சூரியனின் ஒளிமண்டல நிறமாலையில் நியான் கோடே கிடையாது. அதன் அளவை மறைமுகமாகவே அறிகிறோம். 2009இல் வெளியான பரவலாகப் பயன்படும் பட்டியல், ஹைட்ரஜனை 12 என்று வைக்கும் மடக்கை அளவில், 7.93 என்கிறது, அதே வரிசையில் 2021இல் வந்தது 8.06 என்கிறது. மடக்கை அளவில் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல். முதலாவதைக் கொண்டால் எம்82இன் நியான் சூரியனைவிட மிகுதி என்றும், இரண்டாவதைக் கொண்டால் ஏறத்தாழ சமம் என்றும் எழுத நேரும். அதனால் சூரிய மடங்கை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு, ஹைட்ரஜனுக்கு எத்தனை அணுக்கள் என்ற எண்ணையே அட்டவணையில் வைத்தேன்.

ஹைட்ரஜனை முற்றாகத் தவிர்க்கவும் ஒரு வழி உண்டு. இருமுறை அயனியான நைட்ரஜனின் 57 மைக்ரான் கோட்டையும் ஆக்சிஜனின் 52, 88 மைக்ரான் கோடுகளையும் ஒப்பிட்டால் நைட்ரஜன்–ஆக்சிஜன் விகிதம் நேரடியாகக் கிடைக்கும். ஆனால் ஹெர்ஷல் விண்கலம் 2013இலும் விமானத்தில் பறந்த சோஃபியா 2022இலும் ஓய்ந்துவிட்டதால், அண்மைப் பேரடைகளில் இந்தக் கோடுகளைப் புதிதாக அளக்க இப்போது தொலைநோக்கி இல்லை. பேரண்ட விரிவால் நேரும் செம்பெயர்ச்சியால் அவை நீளலைகளுக்கு நகர்ந்துவிட்ட தொலைதூரப் பேரடைகளை மட்டும் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி வரிசை பார்க்கிறது. நியானுக்கோ நிலைமை தலைகீழ். ஜேம்ஸ் வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவி அந்த இரட்டை ஹைட்ரஜன் கோடுகளைப் பிரித்துக் காட்டுவதோடு, 7.46 மைக்ரானில் உள்ள, இன்னும் வலுவான பிஃபண்ட் ஆல்ஃபா ஹைட்ரஜன் கோட்டையும் தருகிறது. கணக்கின் அடுத்த சுற்றை அதில்தான் செய்கிறேன்; அடிப்பரப்பை வரையும் வேலை இன்னும் இருக்கிறது, ஆனால் கோடு ஒல்லியாகிவிட்டதால் அது முன்போல் விடையைப் புரட்டிப்போடுவதில்லை.